அடி போய்ச் சேர்ந்த வீடு

பரக்கத் அலிக்கு முதுகு வலித்தால், அவன் அண்ணன் ஜெகபர் சாதிக் எங்கோ போலீஸ்காரரிடம் அடி வாங்கிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். மூட்டை தூக்குகிற வலி வேறு. அது இடுப்பில் தொடங்கி, சாயங்காலம் முழங்காலுக்கு இறங்கி, கஞ்சி குடித்துப் படுத்தால் காலையில் பாதி போயிருக்கும். இது தோள்பட்டைக்குக் கீழே சுளீரென்று விழும், ஒன்றன் பின் ஒன்றாக, நடுவில் அடிக்கிறவர் மூச்சு வாங்கிக்கொள்கிற இடைவெளி விட்டு. வெற்று முதுகில் வரி வரியாகத் தடிப்பு எழுவதைத் திருச்சிக் கோட்டை ரயில் நிலையத்துக் கூட்ஸ் ஷெட்டில் வேலை செய்தவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அன்றைக்கு அரிசி என்ன விலை என்று தெரிவதுபோல அவர்களுக்கு இதுவும் தெரியும்.

சின்ன வயசில் ஓதப் போன இடத்தில் ஹஜ்ரத் பெரியவனைப் பிரம்பால் அடிப்பார். வீட்டில் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த சின்னவன் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு அலறுவான். தோல் மண்டியில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த அவர்கள் அத்தா கையை விரித்துப் பார்த்துவிட்டு, ஒரே வயிற்றில் பிறந்தால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லித் தேங்காய் எண்ணெய் தடவினார். அடி தன்மேல் விழாத பையனுக்கு ஓதல் ஏறவில்லை. அடுத்தவன் பையில் கை வைத்தால் என்ன ஆகும் என்ற பாடமும் ஏறவில்லை. சின்னவனை யாரும் ஒரு தடவைகூடக் கை நீட்டி அடித்ததில்லை. ஏற்கெனவே வீங்கிக் கிடக்கிற பிள்ளையை அடிக்க யாருக்கு மனசு வரும்?

காலரா வந்த வருஷம் அத்தா போனார், அம்மாவும் போனாள். போகும்போது அம்மா இரண்டு மகன்களின் கையையும் பிடித்து, ஷரபுன்னிசாவுக்கு நல்ல இடத்தில் ஒரு நிக்காஹ் பண்ணி வைப்போம் என்று சொல்ல வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினாள். கடைக்குட்டி. நத்தர்வலி தர்காவுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை வீட்டில் உட்கார்ந்து சுருட்டுக் கம்பெனிக்குப் புகையிலையில் நரம்பு கிழித்துக் கொடுப்பாள். பரக்கத் அலி தங்கச்சி நிக்காஹுக்காக மூட்டை தூக்கினான். சாதிக்கும் தங்கச்சி நிக்காஹுக்காகத்தான் திருடினான். அப்படித்தான் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னான்.

திருட்டில் சாதிக்குக்குக் கூட்டாளி ஸ்ரீரங்கத்துக் கல்யாணங்களில் சமையல் எடுபிடியாக இருந்த சேஷு. எந்த வீட்டில் எந்தப் பாத்திரம் கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று துப்புச் சொல்வது அவன் வேலை. ஒரு தடவை சித்திரை வீதிக் கல்யாணத்திலிருந்து ஆள் உயர அண்டா ஒன்றை இருவரும் தலையில் கவிழ்த்துக்கொண்டு காவேரிப் பாலத்தில் நடந்தார்கள். உள்ளே அடியில் அக்காரவடிசல் ஒட்டியிருந்ததை இருட்டில் கவனிக்கவில்லை. நெய் வாசனைக்கு ஸ்ரீரங்கத் தீவில் இருந்த நாய்களெல்லாம் பின்னால் வந்தன. பாலத்தின் பாதியில் அண்டாவுக்குள்ளிருந்து சேஷு, "சாதிக்கு, யாரோ நம்ம பின்னாடி வர்றா மாதிரி இருக்கேடா" என்றான். நாய்களுக்குப் பின்னால் போலீஸ் வந்தது. சேஷு தன் அடியைத் தானே வாங்கினான். சாதிக்குக்கு விழுந்ததைக் கூட்ஸ் ஷெட்டில் பரக்கத் அலி வாங்கினான்.

அடித்தவர் ஏட்டு சின்னையன். குடும்பஸ்தர், கெட்ட மனுஷர் இல்லை. நாலைந்து தடவை அடித்த பிறகு தன் அடி எங்கே போகிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். அதற்காக அடிக்காமல் இருக்க முடியாது, உத்தியோகம். ஆனால் அதற்குப் பிறகு சாதிக்கின் மேல் கை வைப்பதற்கு முன்னால் ஒரு கான்ஸ்டபிளை ஷெட்டுக்கு அனுப்பிவிடுவார். "பாய், மூட்டையை இறக்கி வெச்சிருங்க. ஏட்டையா ஆரம்பிக்கப் போறாரு" என்று அவன் வந்து சொல்வான். பரக்கத் அலி மூட்டையை இறக்கிவிட்டு, தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பான். மற்றவர்கள் வேலையைப் பார்ப்பார்கள். முடிந்ததும் மேஸ்திரி அரைநாள் கூலியைப் பிடித்துக்கொள்வார். இந்த ஏற்பாட்டில் யாரும் யாரையும் குறை சொன்னதில்லை.

மார்கழிதான் மோசம். வைகுண்ட ஏகாதசிக்கு ஊர் கொள்ளாமல் ஜனம் வரும் என்பதால், ஊரில் உள்ள கேடிகளையெல்லாம் முன்கூட்டியே பிடித்து உள்ளே போட்டு நாலு சாத்துச் சாத்துவது வழக்கம். செய்யப் போகிற திருட்டுக்கு முன்பணம். 1934-ஆம் வருஷம் அந்த மார்கழியில்தான் ஷரபுன்னிசாவுக்கு இடம் அமைந்தது. மாப்பிள்ளை முஜிபுர் ரஹ்மான், பாலக்கரையில் சைக்கிள் கடை, ஒரு பழக்கமும் கிடையாது, கைக்கூலி, வரதட்சணை எதுவும் வேண்டாம் என்று அவனே சொன்னான். ஏகாதசி முடிந்து வருகிற வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து அவன் வீட்டுப் பெண்கள் வந்து வளையல் போட்டுப் பேசி முடிப்பதாக ஏற்பாடு. அதுவரைக்கும் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் போய்ப் பதுங்கிக்கொள்கிறேன், அங்கே இந்தப் போலீஸ் வராது என்று சாதிக் அம்மாமேல் சத்தியம் செய்தான்.

போகவில்லை. வடக்கத்தி யாத்ரீகர் யாரோ வெள்ளிக் கூஜா வைத்திருப்பதாகச் சேஷு சொன்னான். கூஜா கையில் இருக்கும்போதே சாதிக் பிடிபட்டான். திருவிழாக் கூட்டத்தில் ஷெட்டுக்கு அனுப்பச் சின்னையனிடம் ஆளில்லை. வேகனுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே போட்ட பலகையில் துவரை மூட்டையோடு நடந்துகொண்டிருந்த பரக்கத் அலி, முதல் அடிக்கே தண்டவாளத்தில் விழுந்தான். முகம் கிழிந்தது. மூட்டையும் கிழிந்தது. மேஸ்திரி மூட்டையைத்தான் முதலில் பார்த்தார். "பரக்கத்து, உன் மேல எனக்கு வருத்தமில்ல. ஆனா நீ ஒரு ஆளுக்குக் கூலி வாங்கிட்டு ரெண்டு ஆளு அடி வாங்குற. இனி கட்டுப்படியாகாது" என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் சாதிக்கை விட்டுவிட்டார்கள். கூஜாவைத் திருப்பி வாங்கிக்கொண்ட யாத்ரீகருக்குக் கேஸ் நடத்த நேரமில்லை, ரயிலுக்குப் போய்விட்டார். சாதிக் குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டுப் பெரியவனாக வாசலில் வந்து உட்கார்ந்தான். முதுகில் ஒரு கீறல் கிடையாது. தம்பியின் முகத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினான்.

"பரக்கத்து, அவங்க வர்றப்ப நீ கொஞ்சம் அப்பால இரு. இந்தக் கோலத்துல பார்த்தா கேடி வீடுன்னு நெனச்சுக்குவாங்க."

 பரக்கத் அலி எழுந்து ஸ்ரீரங்கத்தைப் பார்க்க நடந்தான். பாலத்தைத் தாண்டும்போது அவனுக்கு ஒன்று பளிச்சென்று புரிந்தது, அல்லது புரிந்ததாகப் பட்டது: அண்ணனை அடித்தால் தம்பிக்கு வலிக்கிறது என்றால், தம்பியை அடித்தால் அண்ணனுக்குத்தானே வலிக்க வேண்டும். இத்தனை வருஷமாக யாரும் அடித்துப் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

அடி வாங்க வேண்டுமானால் திருட வேண்டும். அவனுக்கு அது தெரியாத தொழில். தெற்கு வாசல் பழக்கடையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தை எல்லோரும் பார்க்க எடுத்துக்கொண்டு நின்றான்.

"பசியா, தம்பி?" என்றாள் கடைக்கார அமிர்தம்.

"நான் திருடுறேங்க."

"சரி, திருடிக்க. தோலை வழியில போடாத, சேவிக்கப் போறவங்க வழுக்கி விழுவாங்க."

பழத்தைத் திருப்பி வைத்துவிட்டு நேராக ஸ்டேஷனுக்குப் போனான். நாலு நாள் கூட்டத்தைக் கட்டி மேய்த்த அலுப்பில் சின்னையன் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கழற்றி வைத்திருந்த சிவப்புத் தலைப்பாகையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் மேலும் கீழும் நடந்தான். தெருவே கூடிச் சிரித்தது. சின்னையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"பாய், குடுத்துட்டுப் போயிருங்க. உங்களை அடிச்சா எனக்குச் சோறு எறங்காது."

"அடிச்சு வாங்கிக்கங்க, ஏட்டையா. எனக்கு விழாது. போக வேண்டிய எடத்துக்குப் போவட்டும்."

சின்னையனுக்கு விளங்கியது. சிரித்துவிட்டார். வழக்கத்தை விடாமல் ஒரு கான்ஸ்டபிளைச் சைக்கிளில் தர்காப் பக்கம் அனுப்பி, அவன் போய்ச் சேருகிற நேரம் வரை வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருந்தார். பிறகு அடித்தார். பரக்கத் அலிக்குத் துணி உதறுகிற சத்தம் மாதிரித்தான் கேட்டது; வலியே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் உடம்பு அவனுக்கு லேசாக இருந்தது. அண்ணன் புதுச் சட்டையோடு வாசலில் உருளுவதை நினைத்துக்கொண்டான். "போதுமா பாய்?" என்று சின்னையன் கேட்டபோது, "இன்னும் கொஞ்சம் போடுங்க, ஏட்டையா. கையில போடுங்க, கையிலதான் அவன் திருடுறான்" என்றான். சின்னையன் கையில் போட்டார்.

வீடு திரும்பியபோது சாதிக் வாசலில் உட்கார்ந்திருந்தான். சட்டை கசங்கவில்லை. முகம் மட்டும் சாம்பலாக இருந்தது. கான்ஸ்டபிள் வந்து, "சாதிக் பாய், சாஞ்சு உக்காந்துக்குங்க, உங்க தம்பி கேட்டு வாங்குறாரு" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னானாம். சாதிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தானாம். அவனுக்கு ஒன்றும் விழவில்லை. உள்ளே, மாப்பிள்ளையின் பெரியம்மா கண்ணாடி வளையலை ஷரபுன்னிசாவின் கையில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவள் முதுகை வளைத்துக்கொண்டு பாயில் சாய்ந்தாள். பிறகு கை வீங்கியது, வளையல் ஒவ்வொன்றாக உடைந்தது. அண்ணன் அடி தம்பிக்கு. தம்பி அடி தங்கச்சிக்கு. அவளுக்குக் கீழே அந்த வீட்டில் பிள்ளை இல்லாததால் அங்கேயே நின்றுவிட்டது.

வந்த பெண்கள் அதிசயப்படவில்லை. பெரியம்மா எழுந்து துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, "புள்ள தங்கமான புள்ளதான். ஆனா இந்த வீட்டு அடி நாளைக்கு எங்க வீட்டுப் பேரப்புள்ளைங்க மேல எறங்குச்சுன்னா யார் பொறுப்பு?" என்றாள். மற்றப் பெண்களும் எழுந்தார்கள். போய்விட்டார்கள்.

பரக்கத் அலி பாயருகில் உட்கார்ந்தான். ஷரபுன்னிசா அழவில்லை.

"கையிலயும் போடச் சொன்னீங்களா, அண்ணே?"

அவன் ஆமாம் என்றான்.

அதற்குப் பிறகு பரக்கத் அலியைப் போலச் சாது திருச்சியில் இல்லை என்று பேர் வந்தது. அரிசி ஆலையில் வேலை கிடைத்தது. யார் வைதாலும் தலையைக் குனிந்துகொள்வான், கை ஓங்கினால் காலில் விழுவான். நாற்பத்திரண்டில் வெள்ளையனே வெளியேறு ஊர்வலத்தின் மேல் தடியடி நடந்தபோது எல்லோருக்கும் முன்னால் ஓடிச் சாக்கடைக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டான். பயந்தாங்கொள்ளி என்று பொடியன்கள் பின்னால் கூவினார்கள், அதற்கும் சிரித்தான். சாதிக் திருட்டை விடவில்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் தங்கச்சிக்குத் துணி கொண்டுவருவான். அவள் வாங்கித் தெருவில் போகிற ஏழைக்குக் கொடுத்துவிடுவாள். மார்கழி வந்தால் பரக்கத் அலி ஆலையில் சொல்லிவிட்டு வீட்டில் குப்புறப் படுத்துக்கொள்வான், ஷரபுன்னிசா வேப்பெண்ணெய் காய்ச்சி வைப்பாள். முஜிபுர் ரஹ்மான் வேறு இடத்தில் கட்டி, நாலு பிள்ளைகளைப் பெற்று, யுத்த காலத்தில் டயர் கிடைக்காமல் கடையை மூடினான். அந்தத் தெருக்காரர்களுக்கு இதெல்லாம் குழாயில் தண்ணீர் வருகிற நேரம் மாதிரிப் பழகிப்போன விஷயம். ஷரபுன்னிசாவுக்கு முன்நெற்றியில் நரை விழுந்துவிட்டது. அண்ணன்மார் இரண்டு பேரும் அவளுக்கு ஒரு நிக்காஹ் கடன்பட்டிருக்கிறார்கள்.