மூன்றாம் நிலைச் சான்றிதழ்

இரண்டு மொழி தெரிந்த மூளையை முதுமை எளிதில் அண்டாது என்று மகன் மேடைமேடையாக முழங்கி வந்தான். அவனுடைய மொழிப் பயிற்சி நிலையத்தின் வாசலில் பெரிய எழுத்தில் தொங்குவதும் அதுதான். இரண்டு மொழி தெரிந்த அவனுடைய அப்பாவுக்கோ, பக்கவாதம் வந்த மறுநாள், பெண்டாட்டியிடம் தண்ணீர் கேட்கக்கூடத் தமிழ் இல்லாமல் போனது. இருபது வருஷம் வெளிநாட்டுத் துறைமுகத்தில் மூட்டை இறக்கியபடியே கற்ற மொழி மட்டும் சேதாரமில்லாமல் மிஞ்சியது.

அதே மொழியில் மகன் மூன்றாம் நிலைச் சான்றிதழ் வாங்கியவன். செய்தித்தாளைத் தலைப்பிலிருந்து விளம்பரம் வரை படிப்பான். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் அவன்தான் அப்பாவுக்கு நாக்கு.

இப்போது அப்பா கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். மகன் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

"கடைசியா என் நெனப்புதான் அவருக்கு," என்று வந்தவர்களிடமெல்லாம் அம்மா சொன்னாள். "'அவள நல்லா பாத்துக்கோ'ன்னு மூணு தடவ சொன்னாரு. இவன்தான் அர்த்தம் சொன்னான்."

அவள் சொல்லும்போதெல்லாம் அவன் ஒரு நாற்காலியை நகர்த்தினான். அப்பா சொன்னதில் அவனுக்குப் பிடிபட்டவை 'நீ', 'என்' இரண்டும்தான். எழுதிக் கொடுத்திருந்தால் இலக்கணத்தோடு விளக்கியிருப்பான். மனுஷன் பேசித் தொலைத்தார்.

"ஏன் மாப்ள, நாற்காலியப் போட்டு இழுத்துக்கிட்டே இருக்க?" என்றான் அக்கா புருஷன். "அதுங்களாவது கொஞ்சம் உக்காரட்டுமே."

அப்போதுதான் கிரேன்காரர் வந்தார். அப்பா மூட்டை இறக்கிய அதே துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மகன் வாசலுக்கு ஓடினான்.

"மாமா, இங்கயே உக்காருங்க. அம்மா இப்பதான் கண்ணசந்தாங்க."

"யாரு, கிரேன் அண்ணனா? உள்ள வாங்கண்ணே!" கண்ணசந்த அம்மாவின் குரல் தெருவரை கேட்டது.

உள்ளே போனதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, அவர் சொன்னத அப்படியே மனசுல வச்சிருக்கேன். அர்த்தத்த உங்க வாயாலயும் ஒரு தடவ கேக்கணும்."

சொன்னாள். ஒரு எழுத்துகூடத் தெரியாத மொழியை, புருஷன் இழுத்த இடத்தில் இழுத்து, அவர் மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்கிச் சொன்னாள்.

கிரேன்காரர் மகனைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார்.

"ஆமாம்மா," என்றார். "உன்ன நல்லா பாத்துக்கச் சொல்லியிருக்கான்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

புறப்படும்போது வாசலில் செருப்பை மாட்டியபடி அவர் மெதுவாகக் கேட்டார். "தம்பி, நீ அப்ப எங்க உக்காந்திருந்த?"

"கட்டில்லதான் மாமா, அப்பா பக்கத்துல. ஏன்?"

"'நீ என் கைமேல உக்காந்திருக்க, எந்திரி'ன்னு சொல்லியிருக்கான்."

மூன்றாவது தடவை அப்பா அதைச் சொன்னபோது, சரியாகக் கேட்கட்டும் என்று அவன் இன்னும் நெருங்கி உட்கார்ந்திருந்தான்.