சனிக்கிழமை அமெரிக்கர்

பாதர் அனாக்லே தன் அறைக் கம்ப்யூட்டரை எங்களுக்குத் திறந்துவிட்டதைப் பெரிய மனசு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். மனசெல்லாம் இல்லை, பயம். அத்தனை வருடம் பிரெஞ்சில் பாடம் நடத்திய எங்களை இனி ஆங்கிலத்தில் நடத்துங்கள் என்று அரசாங்கம் ஒரே போடாகப் போட்டிருந்தது. பள்ளிக்கூடம் கோயிலுக்குச் சொந்தம். நாங்கள் தோற்றால் மானம் போவது பாதருக்கு. அதனால் சனிக்கிழமை மதியங்களில் நானும் என்னோடு பாடம் நடத்திய ட்ரொசெல்லாவும் மாதா படத்துக்குக் கீழே, ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

இப்போதைய பிள்ளைகள் கைப்பேசியில் எதையும் நொடியில் பார்க்கிறார்கள், அதே நொடியில் மறக்கிறார்கள். எங்கள் காலத்தில் நியாமகாபே மலைகளுக்கு இணையம் நடந்துதான் ஏறி வந்தது. ஆங்கிலம் பழக நாங்கள் பார்த்த வீடியோவில், மேடையில் ஓர் அமெரிக்கர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வாயைத் திறப்பார். அப்படியே நின்றுவிடுவார். திரையில் வட்டம் சுற்றும். அடுத்து என்ன சொல்வார் என்று நாங்கள் வேர்க்கடலையை வைத்துப் பந்தயம் கட்டுவோம். என் ஆங்கிலத்தில் பாதி அவர் சொன்னது, மீதி நாங்கள் ஊகித்தது. அந்த மதியங்களை நினைத்தால் இன்றும் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

அவர் பேச்சில் விஷயம் ஒன்றுதான். அப்பா ஒரு காலையில் வீட்டை விட்டுப் போனார், திரும்பவில்லை. மகன் இரவெல்லாம் ஜெபித்தான். யாரும் வரப்போவதில்லை என்று புரிந்தது. எழுந்தான், கடை வைத்தான், தோற்றான், மறுபடி எழுந்தான், பணக்காரனானான்.

"தோத்ததைச் சொல்லியே கோடீஸ்வரன் ஆயிட்டான் பாருடி," என்றேன் நான். "நாம தோத்தா வீட்டுக்கு அனுப்புவாங்க."

"நீ வாயை மூடிட்டு அவர் வாயைப் பாரு, வெஸ்டின்," என்றாள் ட்ரொசெல்லா. "நாக்கை எங்க வைக்கிறார்னு பாரு."

அந்த நாக்குதான் எங்கள் வினை. எங்கள் தாய்மொழியான கின்யாருவாண்டா பேசிப் பழகிய வாய்க்கு ரகரமும் லகரமும் ஒன்றுதான். அமெரிக்கர் பிரே என்பார், ஜெபம். நாங்கள் பிளே என்போம், விளையாட்டு. ஒவ்வோர் இரவும் அப்பாவுக்காக விளையாடினேன் என்று அவள் உருக்கமாகச் சொல்ல, பக்கத்து அறையில் பாதர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவார்.

எனக்கு இதெல்லாம் வேடிக்கை. வேலை போனால் என் கணவரின் தையல் கடையில் பித்தான் வைத்துப் பிழைத்துக்கொள்வேன். அவளுக்கு அப்படி இல்லை. ஆங்கிலம் வராதவர்களை வகுப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. ஒற்றை அறை, ஓர் அடுப்பு, பேச யாருமில்லை. அதுதான் அவள் வீடு. கரும்பலகை முன்னால் நிற்கும்போதுதான் அவள் முகத்தில் வெளிச்சம் வரும். பின்னக் கணக்கைக்கூடச் சிரிக்கச் சிரிக்க நடத்துவாள். அதைப் பிடுங்கிவிட்டால் அவளிடம் ஒன்றும் மிஞ்சாது. அதனால் அமெரிக்கரின் பேச்சை ஆரம்பம் முதல் கடைசி வரை மனப்பாடம் செய்தாள், அவர் மூச்சு விடும் இடம் உட்பட.

அவளுக்கு ஏன் யாருமில்லை என்று நான் கேட்டதில்லை. தொண்ணூற்று நான்கு ஏப்ரலில் தொடங்கிய படுகொலைக்குப் பிறகு எங்கள் பக்கம் யாரும் யாருடைய அப்பாவைப் பற்றியும் கேட்பதில்லை. ஏப்ரல் வந்தால் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வோம், அவ்வளவுதான்.

எங்கள் ஆங்கிலத்தைச் சோதிக்கப் பள்ளி இன்ஸ்பெக்டர் செம்பாகாரே வந்த அன்று நல்ல மழை. முதலில் ட்ரொசெல்லாவின் வகுப்பு, அடுத்தது என்னுடையது. என்னையும் கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அவர் எனக்குப் பக்கத்தில், காலணியில் சேறோடு உட்கார்ந்திருந்தார்.

அவள் ஓர் அவகாடோவை எடுத்தாள். இரண்டாக வெட்டினாள். பாதி என்று ஆங்கிலத்தில் சொன்னாள், பிள்ளைகள் கத்திச் சொன்னார்கள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. இந்த மனிதர் சும்மா இருந்திருக்கலாம். கையைத் தூக்கி ஆங்கிலத்தில் கேட்டார்:

"டீச்சர், வாழ்க்கையில் இந்தப் பாடத்துக்கு என்ன பயன்?"

அவள் முகம் வெளுத்தது. இது அவள் தயார் செய்யாத கேள்வி. கத்தியைப் பிடித்தபடி நின்றாள். வாழ்க்கை என்ற சொல் மட்டும் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும், ஏனென்றால் அமெரிக்கரின் பேச்சு அந்தச் சொல்லில்தான் தொடங்கும். அவள் வாய் தானாகத் திறந்தது.

"வாழ்க்கையைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்லட்டுமா?" என்றாள் ஆங்கிலத்தில், இடப்பக்கம் நடந்துகொண்டே. "நான் சிறு பிள்ளையாக இருந்தபோது, என் அப்பா ஒரு காலையில் வீட்டை விட்டுப் போனார்."

தொலைந்தாள் என்று நினைத்தேன். பக்கத்தில் பார்த்தால், செம்பாகாரேயின் உதடுகளும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. அந்த அமெரிக்கர் அவருக்கும் பாடம் எடுத்திருக்கிறார். பிரெஞ்சில் படித்தவர்தானே அவரும்.

"அவர் திரும்பி வரவில்லை," என்றாள் அவள். செம்பாகாரேயின் உதடும் அதையே சொன்னது. "நான் அவருக்காகப் பிளே..."

வழக்கம்போலத் தவறிவிட்டாள். தவறியது அவளுக்கும் தெரிந்தது. திருத்திக்கொள்வாள் என்று பார்த்தேன். திருத்தவில்லை. நடையை நிறுத்தினாள்.

"ஆமாம். விளையாடிக்கொண்டிருந்தேன்," என்றாள். குரல் மாறிவிட்டது. இப்போது சொற்கள் ஒவ்வொன்றாக, தேடித் தேடி வந்தன. "வாழை இலைப் பந்து. நான் செய்தேன். அப்பா கூப்பிட்டார். நான் சொன்னேன், இருங்கள். தலை தூக்கவில்லை. அவர் என் அம்மாவின் ஸ்வெட்டர் போட்டிருந்தார். அன்றைக்குக் குளிர். ஸ்வெட்டர் கை அவருக்குச் சின்னதாக இருந்தது. ஏப்ரல்."

செம்பாகாரேயின் உதடுகள் நின்றுவிட்டன. இதெல்லாம் அமெரிக்கர் சொன்னதில் கிடையாது. இலக்கணம் கந்தல்தான், ஆனால் அத்தனையும் அவளுடைய சொந்த ஆங்கிலம். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. டீச்சர் குரலைக் கேட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் அழுதேன். மறைக்கவும் இல்லை.

செம்பாகாரே எழுந்து நின்றார். பள்ளிக்குள் ஆங்கிலம் தவிர வேறு பேசாத மனிதர் எங்கள் மொழியில் பேசினார்.

"மன்னிச்சுக்கம்மா. நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. நீ அந்தப் பாதியை இன்னும் பாதியா வெட்டு."

அவள் வெட்டினாள். கால் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிள்ளைகள் கூரை அதிரச் சொன்னார்கள்.

வெளியே போகும்போது அவர் தலைமையாசிரியரிடம், "இந்த டீச்சரைக் கணக்கு வகுப்புலேர்ந்து எங்கேயும் மாத்தாதீங்க," என்றதை என் காதால் கேட்டேன். என் வகுப்பைப் பார்த்துவிட்டு, "நீங்க அடுத்த வருஷமும் முயற்சி பண்ணுங்க," என்றார். வேலை தப்பியது, மரியாதை போனது.

சாயங்காலம் யூகலிப்டஸ் தோப்பு வழியாக இறங்கினோம். என்னால் பொறுக்க முடியவில்லை.

"உங்கப்பாவைப் பத்தி எங்கிட்ட ஏன்டி சொல்லலை?" என்று கேட்டேன், எங்கள் மொழியில்.

"பீன்ஸ் ஊறப்போடணும்," என்றாள். "சீக்கிரம் நட."

மறுபடி கேட்டேன்.

"வெஸ்டின், அதை விடு."

எங்கள் மொழியில் அவளால் அதைப் பேச முடியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் காலையில் கேட்ட கூச்சல், கூப்பிட்ட பெயர்கள், எல்லாமே இந்த மொழியில்தானே நடந்தன. நான் நின்று, எனக்குத் தெரிந்த கந்தல் ஆங்கிலத்தில் ஒரு கேள்வியைக் கட்டினேன்.

"உன் அப்பா, அவர், உயரமா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மழை விட்டிருந்தது.

"உயரம்," என்றாள் ஆங்கிலத்தில். "கதவில் தலை இடிப்பார். கதவைத் திட்டுவார்." கொஞ்சம் சிரித்தாள். பிறகு பேசிக்கொண்டே வந்தாள். பாதி எனக்குப் புரியவில்லை. அவர் செய்த வேலைக்கு அவள் சொன்ன சொல் என்னவென்று எனக்குத் தெரியவில்லை, கேட்டு அவளை நிறுத்தவும் மனமில்லை.

அந்த ராத்திரியே என் கணவரின் பழைய ஆங்கில அகராதியைத் தேடி எடுத்தேன். அவர் முறைத்தார். "இன்ஸ்பெக்டருக்குப் பயந்துட்டியா?" என்றார். எந்த இன்ஸ்பெக்டரும் என்னை அதைத் திறக்க வைத்ததில்லை. ட்ரொசெல்லா அவள் அப்பாவைப் பற்றிப் பேசும்போது ஒரு சொல்லையும் நான் தவறவிடக் கூடாது என்றுதான் ஆங்கிலம் படித்தேன்.