ஆலை வாசலில் ஓடியவர்

அரசுத் தொலைக்காட்சியில் சரித்திரப் படம் எடுப்பவருக்குக் கிடைக்கும் மரியாதை, வானிலை அறிக்கை வாசிப்பவருக்குக் கிடைப்பதில் பாதிகூட இல்லை. டைரக்டர் அதற்கெல்லாம் அசராதவர். காலமெல்லாம் அணை, பாலம், சிலை என்று எடுத்துத் தள்ளியவர், ஓய்வு பெறுமுன் உருப்படியாக ஒரு படம் எடுத்துவிட்டுப் போக நினைத்தார். பழைய பஞ்சாலைத் துப்பாக்கிச் சூடு பற்றிய படம்.

அதை நேரில் கண்டவர்களில் மிச்சமிருந்தது ஒரு கிழவிதான். ஆலை வாசலில் அவள் கண்ணெதிரே புருஷன் சுருண்டு விழுந்தார். சுடச் சொன்னவன் யார் என்று கேமரா முன்னால் பெயரோடு சொன்னாள்.

"சொன்னதை அப்படியே போடுவீங்களா தம்பி?"

"ஒரு வார்த்தை குறையாதும்மா."

அன்றைய சம்பவத்துக்கு ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. அதனால் ஆபீஸ் டிரைவருக்கு ஆலைத் தொழிலாளியின் காக்கிச் சட்டையை மாட்டி, ஓடி விழவிட்டார்கள். "யோவ், தொப்பையை உள்ள இழுய்யா! பட்டினி கிடக்கறவன் மாதிரி ஓடு!" என்று டைரக்டர் கத்தினார். இழுத்த தொப்பை நாலு எட்டில் வெளியே வந்துவிட்டது. முகம் தெரியாமல் எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, கீழே 'இது சித்தரிப்பு' என்று யோக்கியமாக எழுத்தும் போட்டார்.

நிலையத் தலைவர் படத்தைப் பார்த்தார்.

"கிழவி இழு இழுன்னு இழுக்குது. அது பேர் சொல்ற ஆளோட பேரன் இப்ப நம்ம போர்டுல இருக்காரு. நமக்கு எதுக்கு வம்பு? தூக்கிடுங்க. இந்த ஓட்டம் பிரமாதம்! கீழ இருக்கற எழுத்தையும் எடுத்துட்டா ஒரிஜினல்தான்."

"சார், அது நம்ம டிரைவர்! காலைல உங்களைக் கூட்டிட்டு வந்ததே அவர்தான்."

"பாக்கறவங்களுக்குத் தெரியவா போகுது?"

டைரக்டர் எழுந்தார். கத்தினார், ராஜினாமா என்றார். தலைவர் டீ சொன்னார். ஒளிபரப்பான படத்தில் கிழவி இல்லை, கீழே எழுத்தும் இல்லை. அவள் பேசிய இடத்தில் டிரைவர் இரண்டாம் தரமும் ஓடி விழுந்தார். தலைவர் மூஞ்சியில் காறித் துப்பாமல் ஓய்வு பெறுவதில்லை என்று டைரக்டர் மனைவியிடம் சத்தியமே செய்தார்.

மறுநாள் கிழவியிடமிருந்து போன் வந்தது. வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் எடுத்தார்.

"அம்மா, நீங்க பேசினதை அவங்க..."

"அது கெடக்கட்டும் தம்பி." அவள் அவசரமாகக் குறுக்கிட்டாள். "அவரு ஓடுற படம் இருக்குன்னு ஏன் எங்கிட்ட சொல்லல? ஒரு போட்டோகூட இல்லாம, அவரு எப்படி இருப்பாருன்னே மறந்துபோயிருந்தேன். அந்தத் தொப்பையைப் பாத்ததும் தெரிஞ்சுடுச்சு. அதை வெச்சு எவ்வளவு கேலி பண்ணியிருப்பேன்! அவருதானே தம்பி?"

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். டைரக்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவர்தாம்மா."

"இன்னொரு தரம் போடுவீங்களா?"

"போடச் சொல்றேன்மா" என்றார். தலைவர் மூஞ்சிக்கென்று வைத்திருந்த எச்சிலைத் தானே விழுங்கிக்கொண்டு போனை வைத்தார்.