பூமிமேல் போட்ட பழி

ஒரு மாதமாக எங்கள் ஊரில் பூமி சின்னச் சின்னதாக அதிர்ந்துகொண்டிருந்தது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சுவரில் காலண்டர் ஆடும், குவளைத் தண்ணீரில் வளையம் விழும், அதற்குள் நின்றுவிடும். முதல் வாரம் மருத்துவமனையில் நோயாளிகளை முந்திக்கொண்டு ஊழியர்கள் நாங்கள் வாசலுக்கு ஓடினோம். மூன்றாம் வாரம், "வந்துட்டாருய்யா" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தோம்.

நான் அங்கே எக்ஸ்ரே எடுக்கிறவன். சினிமாப் பைத்தியமும்கூட. இரண்டுக்கும் சேர்த்து எனக்குப் 'படக்காரன்' என்று பெயர். ஆம்புலன்ஸ் ஓட்டும் நண்பனுக்குத் தொண்டை பெரிது, அதனால் அவன் 'சைரன்'. மூன்றாமவன் ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கிறவன். ஊசி ஏறியதும் தெரியாது, இறங்கியதும் தெரியாது. பதினெட்டு வருடமாகக் குழந்தைகள் அவனிடம் "எடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் அழுவதா வேண்டாமா என்று யோசிப்பார்கள். அவனுக்குக் 'கொசு' என்று பெயர் வைத்தது நான்தான்.

அன்று மதியம் கேன்டீனில் புதிதாக வந்திருந்த சண்டைப் படத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சண்டையைவிடச் சிரிப்பு அதிகம். கதாநாயகன் வெடிகுண்டைச் செயலிழக்க வைக்கும் அதிகாரி. பயந்தால் அவனுக்குக் கை நடுங்கும்.

"சிவப்பு ஒயரை வெட்டுடான்னா, பக்கத்துல நிக்கிற மேலதிகாரியோட டையை வெட்டிடறான்!" என்று கரண்டியைக் கத்தரியாக்கி நடுங்கிக் காட்டினேன்.

சைரன் மேசையைத் தட்டிச் சிரித்தான். "இன்னொரு தடவை செய்டா!"

செய்தேன். கொசு சிரிக்கவில்லை. டீக் கோப்பையைத் தட்டில் வைக்கப் போனான். கோப்பையும் தட்டும் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன.

"மறுபடி அதிருது போல" என்றான்.

"எனக்கொண்ணும் தெரியலையே?" என்றான் சைரன்.

"நீ வண்டியில ஆடி ஆடியே வளர்ந்தவன். உனக்கெங்க தெரியப்போகுது?"

என் போனில் நில அதிர்வைச் சொல்லும் ஆப் ஒன்று இருந்தது. ஒரு மாதமாகப் பூமிக்கு நான்தான் கணக்குப்பிள்ளை என்கிற நினைப்பு எனக்கு. "இருங்கடா, நான் முத்திரை குத்தினாத்தான் அது பூகம்பம்" என்று எடுத்துப் பார்த்தேன். "பொய்! கடைசியா அதிர்ந்தது முந்தாநாள் காலையில. இன்னிக்குப் பூமி சமத்தா படுத்திருக்கு."

கோப்பை இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அப்போது நான் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கோப்பையைப் பார்த்தேன்.

"அப்போ இது பூமியில்லடா, கை! படத்துல வர்ற அதிகாரி இவன்தான்! சைரன், உன் டையை ஒளிச்சு வை!"

"எனக்குச் சட்டைக்குப் பொத்தானே ரெண்டுதான் இருக்கு, டைக்கு எங்கடா போவேன்?" என்று சைரன் முழுத் தொண்டையில் சிரித்தான். கேன்டீனே திரும்பிப் பார்த்தது. அடுத்த மேசையில் ஆய்வகத் தலைவி இருந்தார். மேடம் சிரிக்கவில்லை. கொசுவின் வலது கையைப் பார்த்தார். அந்தக் கை மெல்ல மேசைக்கு அடியில் போனது.

மூன்று மணிக்கு ஆய்வகப் பக்கம் போனேன். ரத்தம் எடுக்கும் நாற்காலிக்கு முன்னால் வேறொருவர் நின்றிருந்தார். கொசு ஜன்னலோரம் உட்கார்ந்து, வந்தவர்களை எண் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தான். "நாற்பத்திரெண்டு" என்றான். பிறகு என்னைப் பார்த்தான். மறுபடியும் "நாற்பத்திரெண்டு" என்றான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சாயங்காலம் வண்டி நிறுத்துமிடத்தில் அவனைப் பிடித்தேன். சாவி பூட்டின் துளையைச் சுற்றிச் சுற்றித் தேடிக்கொண்டிருந்தது.

"மன்னிச்சுக்கடா."

"எதுக்கு? இல்லாததையா சொன்னே?"

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா நீ படமாக்கிடுவியே" என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சாவியைக் கீழே இறக்கிவிட்டு அவனே பேசினான். "போன வாரம் ஒரு பெரியவருக்கு மூணு தடவை குத்திட்டேன். கை நீலம் பாஞ்சிருச்சு. 'பூமி அதிருதுங்கய்யா, அதான்'னேன். அவரு என் தோளைத் தட்டி, 'பயப்படாதப்பா, ஒண்ணும் ஆகாது'ன்னு எனக்கு ஆறுதல் சொல்லிட்டுப் போறாரு. அன்னிக்கே ஊசியைக் கீழ வெச்சிருக்கணும். வெக்கலையே." சாவியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டான். "நிஜமா அதிர்றப்போ ஊரே பயந்துச்சு. எனக்கு நிம்மதியா இருந்துச்சுடா. அப்போ எல்லார் கையும் ஆடும்ல?"

சாவியை வாங்கிப் பூட்டைத் திறந்துகொடுத்தேன்.

வீட்டில் வழக்கம்போல் விளக்கின் முன் கைகூப்பி நின்றேன். அவனுக்காக எதையும் கேட்க வாய் வரவில்லை. மேடம் ஊசியை அவனிடமிருந்து வாங்கியது சரி. இன்னொரு பெரியவரின் கை நீலமாகாமல் கடவுள் காத்தார். ஆனால் தோளில் கைபோட்டுத் தனியே கேட்க வேண்டியதை நாலு பேர் நடுவில் கூத்தாக்கினேன். அவன் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டுச் சிரிக்கவும் செய்தேன். எலும்புக்குள் இருக்கும் கீறலைக் கண்டுபிடிக்கும் எனக்கு, எதிரே இருந்த முகம் தெரியவில்லை.

காலையில் முதல் வேலையாக மேடத்திடம் போனேன். "நேத்து நான் அப்படிக் கேலி பண்ணியிருக்கக் கூடாது மேடம். அவன் வேலை..."

"ஊசிதான் வேண்டாம்னேன். ஆள் வேண்டாம்னு சொல்லலையே" என்றார் அவர். "நரம்பு டாக்டர்கிட்ட இன்னிக்கே கூட்டிட்டுப் போங்க. முதல்ல ரத்தம் பாக்கச் சொல்லுவார். அதை இங்கேயே நானே எடுத்துடறேன்."

சைரன் வாசலில் வந்து நின்றான். "வண்டி ரெடி. சத்தம் போடாம ஓட்டறேன்" என்றான். அவன் தாழ்ந்த குரலில் பேசி அன்றுதான் கேட்டேன்.

பதினெட்டு வருடத்தில் முதல்முறையாகக் கொசு அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். கையை நீட்டினான். அது ஆடியது. மேடம் ரத்தக் குழாயைத் தொட்டுத் தேடினார், கிடைக்கவில்லை. "பிடிச்சுக்கறேன்" என்று நான் மண்டியிட்டு, அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பற்றினேன். ஆட்டம் நிற்கவில்லை.

அவன் குனிந்து பார்த்தான்.

"டேய் படக்காரா, இப்போ ஆடறது என் கையா, உன் கையா?"

"பூமிடா" என்றேன்.

"ஆப்ல பாரு."

போன் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுக்க வேண்டுமானால் அவன் கையை விட வேண்டும். நான் விடவில்லை.