குளத்துக்கு வந்த சின்னக் கடற்காகம்

விடாமல் அடித்த மழை ஓய்ந்த காலையில், தேயிலைத் தோட்டத்துக் குளத்தின்மேல் ஒரு வெள்ளைப் பறவை தாழப் பறப்பதைச் சசிரேகா பார்த்தாள். பிரிஞ்சாங் மலையூரின் பள்ளியில் உயிரியல் ஆசிரியை அவள். லீவு நாளில் பைனாகுலரும் கேமராவும் இல்லாமல் வெளியே கிளம்பமாட்டாள். உடனே படமெடுத்து, 'சின்னக் கடற்காகமா?' என்று கேட்டு, பறவைக் குழுத் தலைவர் ராதாகிருஷ்ணனுக்கு அனுப்பினாள்.

அவரிடமிருந்து போன் வந்தது. "ஆத்துலயும் குளத்துலயும் திரியிற ஆலாம்மா அது. கடற்காகம் எங்க மலையேறி வரப்போகுது?"

"அண்ணே, இப்ப தண்ணியில உக்காந்து வாத்துக்குஞ்சு மாதிரி மெதக்குது. ஆலா அப்படி மெதந்து நான் பாத்ததே இல்ல."

அவர் சற்று யோசித்தார். "அப்ப கருந்தலைக் கடற்காகமா இருக்கும். சின்னக் கடற்காகம்னா றெக்கைக்கு அடியில கரி பூசின மாதிரி இருக்கணும். அத படம் புடிச்சாத்தான் நான் நம்புவேன்லா."

லோரியைக் கிளப்பிவிட்ட கணவன் வசந்தன் ஹார்ன் அடித்தான். "சசி, கோலா தெர்லாவுல கோஸு ஏத்தணும்!"

"கொஞ்சம் பொறுங்களேங்க!"

தூறலோடு மூடுபனி இறங்கி, குளம் பாதி மறைந்தது. சசிரேகா மனந்தளராமல் பறவையையே கவனித்தாள். அது எழும்பி, நீரைத் தொட்டும் தொடாமலும் பறந்து பூச்சிகளைக் கொத்தியது. ஒவ்வொரு முறையும் காற்றை எதிர்த்தே வந்தது; மதகுக்கு அருகில் வந்ததும் உடலைச் சாய்த்துத் திரும்பியது. திரும்பும்போதுதானே இறக்கையின் அடிப்புறம் தெரியும்!

சேற்றில் செருப்பு மாட்டிக்கொள்ள, அதை அங்கேயே விட்டுவிட்டு மதகுக்கு ஓடினாள். வசந்தனும் லோரியை நிறுத்திவிட்டு வந்து, கேமராமேல் குடை பிடித்தான்.

பறவை வந்தது. சாய்ந்தது. விரலை எடுக்காமல் அழுத்தினாள்.

திரையில் இறக்கையின் அடிப்புறம் கருகருவென்றிருந்தது. ஓரத்தில் மட்டும் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளை.

"கறுப்புங்க! கறுப்பு!" என்று கத்தியவள் கணவனைக் கட்டிக்கொண்டாள். குடை குளத்தில் விழுந்தது.

படம் போய்ச் சேர்ந்ததும் ராதாகிருஷ்ணன் காரை விரட்டிக்கொண்டு வந்தார். நேரில் பார்த்து, குழந்தைபோலக் கைதட்டினார். "சின்னக் கடற்காகமேதான்! இத்தன வருசத்துல இந்த மலையில நான் பாத்ததே இல்லம்மா. அடிச்சிட்ட போ!"

சரிவில் மற்ற பெண்களோடு கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பவளம், "என்ன டீச்சர், லாட்டரியா?" என்று கேட்டாள்.

"அதுக்கும் மேலக்கா! வாங்க, எல்லாரும் வந்து பாருங்க!"

கூடைகளை இறக்கிவைத்துவிட்டு அவர்கள் இறங்கி வந்தார்கள். வெறுங்காலோடு நின்ற சசிரேகா, பைனாகுலரைக் கழற்றிப் பவளத்தின் கழுத்தில் மாட்டினாள்.