ஒரே கடகத்து மீன்

என் அண்ணன் மூக்கனுக்கு எதையும் சும்மா பார்த்துவிட்டு வரத் தெரியாது. கோவிலுக்குப் போனால் மணியை அடித்துப் பார்க்க வேண்டும். சந்தைக்குப் போனால் வாங்காத பூசணிக்காயையும் தட்டிப் பார்க்க வேண்டும். ஆனையிறவில் உப்பளத்தைக் கண்டதும் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு கல் உப்பை வாயில் போட்டு, உப்புத்தான் என்று எங்களுக்கெல்லாம் உறுதி சொல்லிவிட்டு ஏறினார். மலைநாட்டு மஸ்கெலியாவிலிருந்து வடக்கு முழுவதையும் பார்த்துவிடுவது என்று புறப்பட்டு வந்த மனிதர் அவர். அண்ணி வரவில்லை. வேன் கதவைத் திறந்தாலே அண்ணிக்கு வயிற்றைப் பிரட்டும்.

வேனை ஓட்டியவன் மெல்ரொன், முல்லைத்தீவுக் கடற்கரைப் பையன். மற்ற நாட்களில் கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றி இறக்குகிறவன். அண்ணனின் மகள் அனோஜா தர்மபுரத்தில் அத்தை என் வீட்டில் தங்கி, அந்த வேனில்தான் வேலைக்குப் போய்வந்தாள். மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை. எனக்குத் தெரியவந்த அன்று வீடு இடியக் கத்தினேன். பிறகு பையனைக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தேன். கத்துவதை நிறுத்திவிட்டேன்.

அண்ணனுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. ஊரில் ராசுவின் மகனுக்கு அனோஜாவைக் கொடுப்பதாகப் பேச்சு வைத்திருந்தார். பயணம் முடிந்ததும் அவளைக் கையோடு கூட்டிப்போய்த் தாம்பூலம் மாற்றுவது என்பது அவர் கணக்கு. அதற்குள் மெல்ரொன் வாயைத் திறந்து கேட்டுவிட வேண்டும். அவனோ நல்லூரில் திறக்கவில்லை, கீரிமலையில் திறக்கவில்லை, நயினாதீவுப் படகிலும் திறக்கவில்லை. பக்கத்தில் வந்து நிற்பான். என்ன தம்பி என்று அண்ணன் கேட்டால், தண்ணி வேணுமோ ஐயா என்று போத்தலை நீட்டுவான். இப்படி நீட்டி நீட்டி அண்ணன் குடித்த தண்ணீருக்கு நாங்கள் வழியெல்லாம் வேனை நிறுத்த வேண்டியிருந்தது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பி வருகையில் தர்மபுரத்தில் இறங்காமல், நேரே முல்லைத்தீவுக்கு விடு, ஒரு நாள் உங்கள் வீட்டில் நின்று கடலைப் பார்த்துவிட்டுப் போவோம் என்றேன். அண்ணனுக்கு வலை இழுப்பதைப் பார்க்க ஆசை. உடனே சரி என்றார். மெல்ரொனைத் தனியாகப் பிடித்து, பொழுது சாய்வதற்குள் நீ கேட்காவிட்டால் ராசு வீட்டுத் தாம்பூலத் தட்டை நானே தூக்கிக்கொண்டு போவேன் என்று சொல்லிவைத்தேன். பையனின் முகம் வெளுத்துப்போனது.

மெல்ரொனின் தகப்பன் செபமாலை அதிகம் பேசாத மனிதர். தாய் ஜெயரூபினி அவருக்கும் சேர்த்துப் பேசுகிறவர். இரண்டு பேருக்கும் விசயம் தெரியும், இரண்டு பேருக்கும் பயம். மலையிலிருந்து வந்த சைவ சமயத்துக்காரர், சிலுவை கும்பிடும் கடற்கரை வேதக்காரர் வீட்டில் பெண் கொடுப்பாரா என்ற பயம். ஜெயரூபினி வீட்டிலேயே நல்ல கோப்பைகளாகப் பார்த்துத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அண்ணன் ஒரு வாய் உறிஞ்சினார். தேயிலை நல்ல தேயிலை, ஊற்றிய விதந்தான் சரியில்லை என்று சொல்லிவிட்டு, எழுந்து குசினிக்குள்ளேயே போய்விட்டார், எப்படி ஊற்றுவதென்று காட்ட. எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஆனால் ஜெயரூபினி சிரித்துக்கொண்டே அடுப்பைவிட்டு விலகி நின்று பார்த்தார். அந்த மனுசியை எனக்கு அப்போதே பிடித்துப்போனது.

கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலை கடலுக்குள் தூரத்தில் கிடக்க, அதன் இரண்டு பக்கக் கயிற்றையும் இரண்டு வரிசை ஆட்கள் கரையிலிருந்து இழுத்தார்கள். அண்ணன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றில் கை வைத்து, எங்களோடு வந்திருந்த அனோஜாவிடம் படம் எடுக்கச் சொன்னார். எடுத்து முடிந்ததும் கையை எடுக்கப் போனவரை வலைக்காரர் யாக்கோப்பு விடவில்லை. அந்தக் கரையில் கயிற்றைத் தொட்டவர் இழுவைக்கு வந்த ஆள். வலை ஏறும் மட்டும் நிற்க வேண்டும், ஏறினால் பங்கும் உண்டு. படத்துக்குத்தான் பிடித்தேன் என்று அண்ணன் சொன்னது காற்றோடு போனது.

அவர் செபமாலைக்குப் பின்னால் நின்று இழுத்தார். முதலில் முனகினார். பிறகு கால் வைப்பது சரியில்லை என்று செபமாலைக்கே யோசனை சொன்னார். அதற்கும் பிறகு, அவர்கள் இழுவைக்குப் பாடுகிற பாட்டு ஓய்ந்த நேரம் பார்த்து, எங்கள் மலையில் ஆடுகிற காமன் கூத்துப் பாட்டை எடுத்துவிட்டார். வரிசை முழுவதும் அதற்கு அடி போட்டது. செபமாலை வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கண்டதாக ஜெயரூபினி என் காதுக்குள் சொன்னார். மெல்ரொன் மட்டும் சிரிக்கவில்லை. போத்தலோடு கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். நான் அவனையும் சரிகிற பொழுதையும் மாறிமாறிப் பார்த்து முறைத்தேன்.

வலை ஏறியது. சூடையும் சாளையும், இடையில் சில பாரையும். யாக்கோப்பு மணலில் பங்கு பங்காகக் குவித்துக்கொண்டே போய், அண்ணனுக்கும் மற்றவர்களைப் போலவே ஒரு குவியல் போட்டார். அண்ணனுக்குக் கூச்சமாகிவிட்டது. நான் இழுத்தது பாதி, பாடினது பாதி, எனக்கும் இவ்வளவா என்றார்.

மலையில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது பக்கத்தில் நிற்கிறவளுக்கு நிறை குறைந்தால், தன் கொழுந்தில் கொஞ்சம் அள்ளிப் போடுவது எங்கள் ஆட்களின் பழக்கம். கேட்டுவிட்டுச் செய்வதில்லை, போட்டபின் சொல்லிக்காட்டுவதும் இல்லை. செபமாலை தன் பங்கைப் பனையோலைக் கடகத்தில் நிரப்பி வைத்திருந்தார். அண்ணன் தன் குவியலை இரண்டு கையாலும் அள்ளி, அந்தக் கடகத்திலேயே கொட்டினார்.

பங்கைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள்கூடத் திரும்பி வந்தார்கள். யாக்கோப்பு தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் எடுத்தார்.

"சம்பந்தம் எப்ப முடிஞ்சது, செபமாலை? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே."

ஜெயரூபினி காதுக்குள் சொல்லித்தான் எனக்கே விளங்கியது. அந்தக் கரையில் கூடப்பிறந்தவர்கள்கூடப் பங்கைக் கலப்பதில்லை. மாப்பிள்ளையின் தகப்பனும் பெண்ணின் தகப்பனும் ஒரே கடகத்தில் கொட்டினால், கல்யாணம் முடிவாகிவிட்டது என்று ஊருக்குச் சொல்வதாக அர்த்தம். செபமாலை அதை அண்ணனுக்கு மெதுவாக எடுத்துச் சொன்னார். நீங்கள் தெரியாமல் செய்தது, நான் பிரித்துத் தந்துவிடுகிறேன், குறை நினைக்க வேண்டாம் என்று குனிந்து மீனைப் பிரிக்கத் தொடங்கினார். கை கடகத்துக்குள் மீனைக் கிளறியதே தவிர, ஒன்றையும் வெளியே எடுக்கவில்லை. இவர் பையன் மட்டுமல்ல, இவரும் ஆசைப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

"அப்பா, பிரிக்காதேங்கோ."

மெல்ரொன்தான். போத்தலைக் கீழே போட்டுவிட்டு அண்ணனுக்கு முன்னால் வந்து நின்றான்.

"ஐயா, எனக்கு அனோஜாவைத் தாங்கோ. நீங்கள் வந்த நாள் தொட்டு கேக்கத்தான் நிண்டனான். பயத்தில தண்ணியைத் தந்திட்டன்."

யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அப்படியென்றால் தனக்கு மட்டுந்தான் தெரியாதா என்றார். மகளைப் பார்த்தார். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஆனால் தலையைக் குனியவில்லை.

"உனக்கு விருப்பமா?"

"ஓம் அப்பா."

அண்ணன் கடகத்துக்கு முன்னால் மணலில் உட்கார்ந்தார். ஒரு சாளையை எடுத்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஜெயரூபினி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுத்தி வலித்தது. எது அவருடைய மீன், எது செபமாலையுடையது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் அந்த நேரத்தில் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

அலை வந்து அவர் சாரத்தை நனைத்துவிட்டுப் போனது. பிறகு எடுத்த மீனைத் திரும்பவும் கடகத்துக்குள்ளேயே வைத்தார். ராசுவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன் என்று என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுச் செபமாலையை நிமிர்ந்து பார்த்தார்.

"எம் புள்ளைக்கு மீன்ல முள்ளு எடுக்கத் தெரியாதுங்க. மலையில கருவாடு தின்னு வளந்தது. தொண்டையில மாட்டிக்கும். நீங்கதான் பாத்துக்கணும்."

நான் கல்நெஞ்சுக்காரி என்று பெயர் எடுத்தவள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அந்தக் கரையிலேயே அழுதேன்.

"நான் எடுத்துக் குடுப்பன்" என்றார் செபமாலை.