அறுபது நாள் முன்பே முடிந்த சுவர்

எங்கள் தீவில் தெகாய் கட்டிய கடல்சுவர், அவர் முதல் கல்லை வைப்பதற்கு அறுபது நாள் முன்பே முடிந்துவிட்டது. கணக்குப் போட்டவர் பள்ளிக்கூட வாத்தியார் தபெரா. அதில் பிழை இல்லை, நானும் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

ஜனவரிப் பெருக்கில் கடல் புகுந்து தெகாயின் பபாய்க் கிழங்குக் குழியை நாசமாக்கியது. அந்த மாதமே மகள் கல்யாணம். பபாய் இல்லாத பந்தியில் சோறும் டின் மீனும் பரிமாறிவிட்டு, அவர் மனைவி ரோத்தியா சம்பந்தி முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றாள். அதைச் சொல்லிச் சொல்லியே புகுந்த வீட்டில் மகளைக் கரித்துக்கொட்டினார்கள். மிச்சக் கிழங்கையாவது காப்பாற்றலாம் என்று மார்ச்சில் தெகாய் சுவர் கட்டக் கிளம்பினார். அவர் தனியாகக் கட்டினால் பன்னிரண்டு நாள், மச்சான் பௌரோ தனியாகக் கட்டினால் இருபது நாள், கட்டியதைக் கடல் கரைக்கப் பத்து நாள். மூன்றையும் சேர்த்தால் முப்பது நாளில் சுவர் நின்றுவிடும். ஆனால் தொடங்கும் அன்று காலை பௌரோவுக்கு ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கும் வேலைக்குக் கடிதம் வந்தது. யாரும் குறை சொல்லவில்லை. அந்தக் கடிதம் எல்லாருக்கும் வருவதில்லை.

பௌரோவை எடுத்துவிட்டு வாத்தியார் மறுபடி கணக்குப் போட்டார்.

"மைனஸ் அறுபது வருது, தெகாய்."

"அப்படின்னா?"

"அறுபது நாளைக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு. அப்புறம் கடல் கரைச்சுக் கரைச்சு இன்னிக்கு ஒண்ணும் மிச்சமில்ல."

"நான் இன்னும் ஒரு கல்லுகூட வைக்கலையே வாத்தியாரே!"

"அத கணக்குகிட்ட கேளுங்க."

தெகாய் முதல் கல்லை வைத்தார். மதியத்துக்குள் ஊருக்கே அந்தச் சுவர் நினைவுக்கு வந்துவிட்டது. அதன்மேல் நான் உட்கார்ந்து மீன் தின்ற இடம்கூடத் தெரியும். கல்யாணப் படத்தில் சோறு இருந்த தட்டுகளில் பபாய் இருந்தது. "அம்மா, எங்க மாமியார் இன்னும் உங்க கிழங்கப் பத்தியே பேசுறாங்க" என்று மகள் போனில் சிரித்தாள். ரோத்தியா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். குழியில் மட்டும் உப்புத் தண்ணீர் அப்படியே நின்றது.

ஒரு நாள் தெகாய் காய்ச்சலில் படுத்துவிட்டார். அவர் கை நின்றால் கடல் மட்டும்தான். சுவர் முடிந்தது முதல் கல்லுக்குப் பத்து நாள் முன்புதான் என்று ஆகிவிடும், கல்யாணமோ நாற்பது நாள் முன்பு. சாயங்காலம் படத்தில் டின் மீன் திரும்பி வந்திருந்தது.

"நீங்க படுங்க, நான் போறேன்" என்றாள் ரோத்தியா.

"நீ வச்சா கணக்கு வேறயாயிடும். கையக் குடு, எந்திரிக்கிறேன்."

இதெல்லாம் நடந்து ஒன்பது வருஷம். குழி பாழாகிவிட்டது. தெகாய் தினமும் கல் வைக்கிறார், கடல் எடுத்துக்கொள்கிறது. பார்க்கப் பாவமாக இருக்கிறது, ஆனால் நாங்கள் யாரும் கை கொடுக்க முடியாது. இன்னொருவர் சேர்ந்தால் சுவர் இனிமேல்தான் முடியும், அந்தப் பந்தி போய்விடும். பழம் பறித்துத் திரும்பிய பௌரோ முதல் நாள் ஒரு கல்லைத் தூக்கக் குனிந்தார். "வேணாம் மச்சான்" என்றார் தெகாய். அன்றிலிருந்து பௌரோ தினமும் வருகிறார். கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, மணலில் உட்கார்ந்திருக்கிறார்.